ராஜா கோப்பையும் கூலிக்காரன் துடுப்பும்

கேள்வி: முதல் உலகப் போர் முடிந்த கையோடு இங்கிலாந்தில் ராணுவ வீரர்களுக்குப் படகுப் போட்டி நடத்தினார்களாமே, கோப்பையைத் தட்டிச் சென்றது யார்? (திருச்சி வாசகர்)

பதில்: ஆஸ்திரேலியப் படை. 1919 ஜூலை, தேம்ஸ் கரையில் ஹென்லி. சண்டை நின்றும் கப்பல் கிடைக்காமல் மாதக்கணக்காகக் காத்துக் கிடந்த பையன்களைச் சும்மா விட்டால் வம்புதான் என்று விளையாட்டில் இறக்கிவிட்டிருந்தார்கள். ஐந்தாம் ஜார்ஜ் கோப்பை கொடுத்தார். எட்டுப் பேர் துடுப்பு வலிக்கும் படகு. இறுதியில் தோற்றது ஆக்ஸ்போர்டு. ஜெயித்த படகில் இருந்த சிட் மிடில்டன், 1908 ஒலிம்பிக்கில் ரக்பி தங்கம் வாங்கியவர்.

ஆனால் 'தட்டிச் சென்றது' என்கிறீர்களே, அது அத்தனை சுலபமாக நடக்கவில்லை. கோப்பை போரின் நினைவுப் பொருள், எங்களிடம்தான் இருக்க வேண்டும் என்றார்கள் ஆஸ்திரேலியப் போர் அருங்காட்சியகத்தார். வருஷா வருஷம் போட்டி வைக்க எங்களுக்கு வேண்டும் என்றார்கள் படகோட்டிகள். விஷயம் ராஜாவரைக்கும் போனது. அவர் படகோட்டிகள் பக்கம் சாய்ந்தார். ஆஸ்திரேலிய மாநிலங்கள் இன்றும் அதற்காகத்தான் படகுப் போட்டியில் மோதுகின்றன. கண்ணாடி அலமாரியில் பூட்டிய கோப்பையைவிட நசுங்கிய கோப்பை மேல் என்று முன்பே எழுதி, சேலத்து நண்பரிடம் 'அருங்காட்சியக விரோதி' பட்டம் வாங்கியிருக்கிறேன். இந்த வாரமும் கடிதம் வரும். வரட்டும்.

கோப்பையை விடுங்கள், ஹென்லியில் வழக்கமான படகுப் போட்டியை நடத்தும் கமிட்டி இன்னும் ருசியானது. கைவினைஞர், கூலி வேலை செய்பவர் யாரும் அமெச்சூர் (காசுக்காக அல்லாமல் ஆடுபவர்) அல்ல, போட்டியில் சேரக்கூடாது என்று விதி வைத்திருந்தார்கள். சரி, நாலு வருஷம் பதுங்குகுழி வெட்டினவன் யார்? மண்வெட்டி சர்க்காருடையது, சம்பளம் சர்க்காருடையது, கொப்புளம் மட்டும் சொந்தம். வெட்டச் சொன்னவர் கனவான், வெட்டினவன் கூலி என்று வைத்துக்கொள்ளலாமா? அப்படியானால் பாதி வெட்டும்போது பதவி உயர்வு வந்தவனுக்கு அரைத் துடுப்பா? கையை முகர்ந்து பார்க்க ஒரு துணைக் கமிட்டி போட்டிருக்கலாம்.

1936-இல் பெர்லின் ஒலிம்பிக்குக்குப் போன ஆஸ்திரேலியப் போலீஸ் படகோட்டிகளையும் இந்த விதியைக் காட்டித்தான் ஹென்லியில் சேர்க்கவில்லை. லத்தி பிடிப்பதும் கைவேலையாம்! ஊர் சிரித்தது, 1937-இல் விதி போனது.

அமெரிக்கப் படகோட்டி ஜான் கெல்லிக்கு அதனால் பயனில்லை. பிரான்சில் ராணுவ சேவை செய்துவிட்டு வந்தவரை, செங்கல் அடுக்கிப் பிழைத்தவர் என்பதையும் அவருடைய கிளப்போடு இருந்த பழைய பகையையும் சொல்லி 1920-இல் ஹென்லியில் சேர்க்க மறுத்துவிட்டார்கள். அதே வருஷம் ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கினார். 1947-இல் அவர் மகன், அப்பாவுக்கு மறுத்த அதே ஹென்லி பந்தயத்தை ஜெயித்தார். மகள் கிரேஸ் கெல்லி 1956-இல் மொனாக்கோ இளவரசரைக் கட்டிக்கொண்டார். கொத்தனார் மகள் என்று அங்கே எந்தக் கமிட்டியும் ஆட்சேபிக்கவில்லை.