அல் அஹ்லி மருத்துவமனை – கடிதம்

அன்புள்ள ஐயா,

காசா பற்றிய கட்டுரையில் அல் அஹ்லி மருத்துவமனை வெடிப்பை ‘யார் செய்தது என்று முடிவாகவில்லை’ என ஒரே வரியில் தாண்டிவிட்டீர்கள். அது இஸ்ரேலின் குண்டு என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மூன்று நாள் முன்பே அதே மருத்துவமனையைத் தாக்கியிருந்தார்கள். பிறகு அல் ஷிஃபா, நாசர் என்று காசாவின் வேறு எந்த மருத்துவமனையையும் விட்டுவைக்கவில்லை. ஹமாஸ்காரர்கள் பேசிக்கொண்டது, இதுதான் ஆதாரம் என்று இஸ்ரேல் வெளியிட்ட ஒலிப்பதிவும் ஒட்டுவேலை என்கிறார்கள். 471 பேர் செத்த இடத்தில் நடுநிலை எதற்கு?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

நடுநிலை இல்லை. என் கணிப்பைக் கேட்டால் சொல்லிவிடுகிறேன்: பாலஸ்தீன ஆயுதக்குழு ஒன்றின் ராக்கெட் பாதியில் பழுதாகி விழுந்திருக்கவே வாய்ப்பு அதிகம். நிரூபணம் ஆகவில்லை, அதனால்தான் அந்த வரி.

ஒருவர் பொய் சொல்லிப் பழகியவரா என்பது அவர் பேச்சை எவ்வளவு நம்பலாம் என்பதற்குத்தான் உதவும். 2023 அக்டோபர் 17 மாலை ஏழு மணிவாக்கில் அந்த வளாகத்தின் கார் நிறுத்துமிடத்தில் விழுந்தது என்ன என்பதை அதை வைத்துச் சொல்ல முடியாது. அதற்கு அந்த இடத்தைத்தான் பார்க்க வேண்டும். பள்ளம் சுமார் ஒரு மீட்டர் அகலம், ஆழம் அதைவிடக் குறைவு. கார்கள் கருகிக் கிடந்தன, சுற்றியிருந்த கட்டடங்கள் நின்றன. இஸ்ரேலிய விமானங்கள் வழக்கமாகப் போடும் பெரிய குண்டு விழுந்திருந்தால் பள்ளம் பல மீட்டருக்குப் போயிருக்கும். பெரிய தீப்பந்து, சின்னப் பள்ளம் என்ற சேர்க்கை எரிபொருள் மிச்சமிருந்த ராக்கெட்டுக்குப் பொருந்துகிறது. மனித உரிமை அமைப்பான ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் நவம்பர் 26 அன்று வெளியிட்ட ஆய்வும் இந்தத் திசையைத்தான் காட்டியது, மேலும் விசாரணை தேவை என்ற குறிப்போடு. இஸ்ரேலை அவர்கள் தாங்கிப் பிடிப்பவர்கள் இல்லை என்பது உங்களுக்கே தெரியும்.

எதிர்த்தரப்பிலும் வலுவான வாதம் உண்டு. சின்னப் பள்ளம் விமானக் குண்டை விலக்குகிறதே தவிர பீரங்கிக் குண்டை முழுதாக விலக்குவதில்லை. பள்ளத்தின் வடிவத்தை வைத்து, குண்டு வடகிழக்கிலிருந்து, அதாவது இஸ்ரேல் பக்கமிருந்து வந்திருக்கலாம் என்றது லண்டன் ஆய்வுக்குழுவான ஃபோரென்சிக் ஆர்கிடெக்சர். ராக்கெட் வானில் சிதறியதைக் காட்டுவதாக இஸ்ரேலும் அமெரிக்காவும் பிடித்துக்கொண்டிருந்த அல் ஜசீரா நேரலைக் காட்சியை நியூயார்க் டைம்ஸ் அலசிவிட்டு, அது இஸ்ரேலிலிருந்து ஏவப்பட்டது, வெடித்ததும் மருத்துவமனையிலிருந்து இரண்டு மைலுக்கு மேல் தள்ளி என்று சொல்லிவிட்டது. நீங்கள் சொன்ன ஒலிப்பதிவும் இதே ரகம்: இரண்டு தனித் தடங்களைச் சேர்த்தது என்றது ஒலிகளை ஆராயும் இயர்ஷாட் அமைப்பு. சரி, இவை இரண்டும் அடிபட்டன என்றே வைத்துக்கொள்வோம். அப்போது அடிபடுவது இஸ்ரேலின் இரண்டு சாட்சிகள். குற்றம் அதன் பக்கம் நிரூபணமாகிவிடாது. பள்ளம் அப்படியேதான் இருக்கிறது.

எனக்கு மிகவும் உறுத்துவது வேறு. அந்த இடம் ஹமாஸ் நிர்வாகத்தின் கையில் இருந்தது. விழுந்தது எதுவாக இருந்தாலும் அதன் உலோகத் துண்டுகள் அங்கேயே கிடந்திருக்கும். அவற்றைக் காட்டுங்கள் என்று கேட்டபோது ஹமாஸின் மூத்த தலைவர்களில் ஒருவரான காசி ஹமத், தண்ணீரில் உப்பு கரைவதைப் போல ஏவுகணை கரைந்துவிட்டது என்றார். இஸ்ரேலிய ஏவுகணையின் துண்டு ஒன்று கையில் இருந்தால் அதை உலகத்துக்குக் காட்டாமல் பூட்டி வைப்பார்களா என்ன! இஸ்ரேலும் தன் ராடார் பதிவுகளை வெளியார் சோதிக்கும்படி முழுதாக எடுத்து வைக்கவில்லை.

471 என்பது காசா சுகாதார அமைச்சகத்தின் எண். முதல் சில மணி நேரத்தில் 500 என்றார்கள். அமெரிக்க உளவுத்துறை 100 முதல் 300 வரை என்றது. அமைச்சகத்தின் எண்களெல்லாம் கட்டுக்கதை என்று நான் சொல்லமாட்டேன். 2014 போரில் அவர்கள் சொன்னது 2,310, ஐ.நா. சொன்னது 2,251, பெரிய இடைவெளி இல்லை. ஆனால் அது பெயர், வயதோடு நாள்கணக்கில் சரிபார்த்த பட்டியல். இருட்டில், ஒரே இரவில் எண்ணியதற்கு அதே மதிப்பைத் தர முடியாது. இறந்தவர்கள் 471, காயம்பட்டவர்கள் 342 என்ற விகிதமே விசித்திரம். வெடிப்புகளில் வழக்கமாகக் காயம்பட்டவர்கள்தான் பல மடங்கு இருப்பார்கள். நீங்கள் எழுதும்போது ‘அமைச்சகத்தின்படி 471’ என்று எழுதுங்கள், பக்கத்திலேயே மற்ற மதிப்பீட்டையும் போடுங்கள்.

அப்புறம், அல் ஷிஃபாவையும் நாசரையும் பற்றி நீங்கள் எழுதியதில் எனக்கு மறுப்பில்லை. அந்தக் கணக்கு தனி. 2025 ஏப்ரல் 13, குருத்தோலை ஞாயிறு அன்று இதே அல் அஹ்லியை இஸ்ரேல் தாக்கியது. மரபணு ஆய்வகம் தரைமட்டம், அவசரப் பிரிவுக்கும் சேதம். ஹமாஸின் கட்டளை மையம் உள்ளே இருந்தது என்று காரணம் சொன்னார்கள். தாக்கியது தாங்கள்தான் என்பதை அவர்களே ஒப்புக்கொண்டார்கள். உள்ளே இருந்ததாகச் சொன்ன மையத்துக்குத்தான் இன்னும் ஆதாரம் காட்ட வேண்டும்.