பிடித்த அணிகள் எல்லாம் ஒரே வார இறுதியில் தோற்றுவிட்டால் எப்படித் தேற்றிக்கொள்வீர்கள்?

கேள்வி கேட்டவர் சனி, ஞாயிறு இரண்டு நாளும் பார்த்த எல்லா ஆட்டத்திலும் தன் பக்கமே தோற்றதாக எழுதியிருக்கிறார். திங்கட்கிழமை வேலையில் மனம் ஒட்டவில்லையாம். "வெறும் விளையாட்டுதானே" என்று யாராவது சொன்னால் பற்றிக்கொண்டு வருகிறதாம். எனக்கும் வரும். அதனால் அந்த வாக்கியத்தை நான் சொல்லப்போவதில்லை.

என் கணக்கில் மிக மோசமான ஞாயிறு 2019 ஜூலை 14. அந்த வாரம் புதன்கிழமையே ஒரு அடி விழுந்திருந்தது. கிரிக்கெட் உலகக் கோப்பை அரையிறுதியில் இந்தியா நியூசிலாந்திடம் 18 ரன்னில் தோற்றது. 49வது ஓவரில் மார்ட்டின் கப்டில் தூரத்திலிருந்து நேராக ஸ்டம்பைப் பார்த்து எறிந்து தோனியை ரன் அவுட் ஆக்கினார். அடுத்த இரண்டு நாள் கப்டில் பெயரைக் கேட்டாலே வயிறு எரிந்தது. மூன்றாம் நாள் மனம் ஒரு குறுக்குக் கணக்குப் போட்டது: நம்மை வீழ்த்தியவர்களே கோப்பையைத் தூக்கினால் நம் தோல்விக்கும் கொஞ்சம் மரியாதை கிடைக்குமே? ஆக, ஞாயிறு விடியும்போது, அன்று லார்ட்ஸ் மைதானத்தில் இங்கிலாந்தோடு நடக்கவிருந்த இறுதி ஆட்டத்துக்கு, நான் நியூசிலாந்து ரசிகன். இரவல் அணிதான், ஆனால் இரவல் வாங்கியதைத்தான் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளத் தோன்றும்.

அதே நாளில் விம்பிள்டன் டென்னிஸ் இறுதி ஆட்டமும் இருந்தது, என் ஆள் ஃபெடரருக்கும் ஜோகோவிச்சுக்கும். ஃபெடரருக்கு அப்போது 37 வயது. இன்னொரு வாய்ப்பு வரும் என்று யாரும் அடித்துச் சொல்ல முடியாத வயது. இரண்டு ஆட்டமும் லண்டனில், ஒரே மாலையில். டிவியில் லார்ட்ஸ், மடியில் லேப்டாப்பில் விம்பிள்டனின் சென்டர் கோர்ட். சத்தம் எதற்கு, எதற்கு மியூட் என்று முடிவு செய்வதற்குள்ளேயே பாதி உயிர் போனது.

ஐந்தாவது செட், 8-7, 40-15, சர்வீஸ் ஃபெடரர் கையில். இரண்டு மேட்ச் பாயிண்ட், அதில் ஒன்றை எடுத்தாலும் கோப்பை. டிவியை மியூட் செய்துவிட்டேன். முதல் பாயிண்டில் ஃபோர்ஹேண்ட் வெளியே போனது. இரண்டாவதில் வலையை நோக்கி ஏறி வந்தார், ஜோகோவிச் குறுக்கே ஒன்று விட்டார், பந்து அவரைத் தாண்டிப் போய்விட்டது. என் விரல் இன்னும் மியூட் பட்டன் மேலேயே இருந்தது.

அப்புறம் லார்ட்ஸ். கடைசி ஓவரில் இங்கிலாந்துக்கு 15 ரன் வேண்டும். நாலாவது பந்தில் கப்டில் எறிந்த எறி, இரண்டாவது ரன்னுக்காகப் பாய்ந்து விழுந்த இங்கிலாந்து பேட்ஸ்மேன் ஸ்டோக்ஸின் பேட்டில் பட்டு பவுண்டரிக்கு ஓடியது. மொத்தம் 6 ரன். புதன்கிழமை தோனியை வீழ்த்திய அதே கை! நான் சாபம் விட்டபோது பலிக்காமல், ஆசீர்வாதம் செய்த நாளில்தானா பலிக்க வேண்டும்? இரண்டு அணியும் 241. சமனை உடைக்க ஆளுக்கு ஒரு ஓவர் ஆடும் சூப்பர் ஓவரில் இரண்டும் 15. அதன் கடைசிப் பந்தில் ரன் அவுட் ஆனவரும் கப்டில்தான். அடித்த பவுண்டரிகளை எண்ணி, 26-க்கு 17 என்று, கோப்பையை இங்கிலாந்துக்குக் கொடுத்தார்கள். விம்பிள்டனில் கடைசி செட் 12-12 ஆனால் டை பிரேக் என்ற விதி அந்த ஆண்டுதான் வந்திருந்தது, அதில் ஃபெடரர் தோற்றார். 4 மணி 57 நிமிடம் ஆடி, ஜோகோவிச்சை விட 14 பாயிண்ட் அதிகமாக எடுத்துவிட்டுத் தோற்றார்.

லைட்டைக்கூடப் போடாமல் உட்கார்ந்திருந்தேன். அம்மா எழுந்து வந்து பார்த்தார்.

"என்னடா ஆச்சு, இருட்டுல உக்காந்திருக்க?"

"தோத்துட்டோம்மா."

"இந்தியாதான் புதன்கிழமையே தோத்துடுச்சே?"

இதற்கு என்ன பதில் சொல்வது? நியூசிலாந்தையும் ஒரு சுவிட்சர்லாந்துக்காரரையும் சேர்த்து "தோத்துட்டோம்" என்று சொல்லியிருக்கிறேன். ராபர்ட் சியால்டினி என்ற உளவியலாளரும் அவருடன் இருந்தவர்களும் 1976-ல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். தங்கள் கல்லூரி அணி ஜெயித்தால் மாணவர்கள் "நாம்" என்று பேசுகிறார்கள், தோற்றால் "அவர்கள்" ஆகிவிடுகிறது. நம்மிலும் பலர் "ஜெயிச்சுட்டோம்", "தோத்துட்டானுங்க" ரகம்தான். தோற்ற பிறகும் "தோம்" போடுகிறவர்களுக்குத்தான் திங்கட்கிழமை கசக்கும். நீங்களும் அந்த ரகம் என்று நினைக்கிறேன்.

இன்னொரு கணக்கும் உண்டு. பிரிட்டனில் செல்போன் செயலி வழியாக ஆயிரக்கணக்கானவர்களின் மனநிலையைக் குறித்துவைத்து, கால்பந்து முடிவுகளோடு பொருளாதார ஆய்வாளர்கள் இருவர் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 2018-ல் வந்த ஆய்வு. நம் அணி ஜெயித்தால் அடுத்த ஒரு மணி நேரத்தில் மகிழ்ச்சி 100-க்கு 3.9 புள்ளி ஏறுகிறது, தோற்றால் 7.8 இறங்குகிறது. ஒன்று ஜெயித்து ஒன்று தோற்றாலும் கை நஷ்டம். ரசிகனாக இருப்பதே அடக்க விலைக்குக் கீழே விற்கும் வியாபாரம். உங்களுக்கு எல்லாமே போயிருக்கிறது, மனம் ஒட்டாததில் என்ன ஆச்சரியம்?

சரி, நான் என்ன செய்தேன்? முதல் இரண்டு நாள் செய்ததெல்லாம் தப்பு. ஹைலைட்ஸ் பார்த்தேன். அந்த ஓவர் த்ரோவை எத்தனை தடவை ஓட்டினேன் என்று எனக்கே தெரியாது. கிரிக்கெட் விதி 19.8-ஐப் படித்துவிட்டு, எறிந்த நேரத்தில் பேட்ஸ்மேன்கள் இருவரும் குறுக்கே கடக்கவில்லை, ஆகவே இரண்டாவது ரன் சேராது, 5 ரன்தான் என்று கண்டவரிடமெல்லாம் வாதாடினேன். முன்னாள் நடுவர் சைமன் டாஃபலும் அதையே சொன்னபோது வழக்கில் ஜெயித்தது போல இருந்தது. கோப்பை மட்டும் வரவில்லை.

மூன்றாம் நாள்தான் வேறு வேலை செய்தேன். இரண்டு ஆட்டத்தையும் முதல் பந்திலிருந்து முழுசாகப் பார்த்தேன், தவணை முறையில். ஹைலைட்ஸ் என்பது நூலிழையில் போன இடங்களை மட்டும் வெட்டி ஒட்டிக் காட்டுவது. புண்ணை மட்டும் பெரிதாக்கிக் காட்டும் கண்ணாடி. முழு ஆட்டத்தில் வேறு கதை இருந்தது. நியூசிலாந்தின் ராஸ் டெய்லர் அவுட்டே இல்லாத பந்தில் எல்.பி.டபிள்யூ கொடுக்கப்பட்டு வெளியேறினார். முறையிட ரிவ்யூ இல்லை, அதைத் தொடக்கத்திலேயே வீணாக்கியவர் யார்? சாட்சாத் கப்டில். இங்கிலாந்தின் பேர்ஸ்டோ கொடுத்த கேட்சை நியூசிலாந்தின் கிராண்டோம் தன் பந்திலேயே விட்டார். அதே அணியின் போல்ட், ஸ்டோக்ஸின் கேட்சைப் பிடித்துவிட்டு எல்லைக் கோட்டில் கால் வைத்தார். ஃபெடரர் முதல் செட் டை பிரேக்கில் 5-3 என்று முன்னால் இருந்தார், அங்கிருந்து வரிசையாக நாலு பாயிண்ட் போனது. அந்த 40-15-க்கு வெகு நேரம் முன்னால், நான் கவனிக்காமல் லார்ட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தபோது.

ஒரே ஓவர் மேல், ஒரே ஷாட் மேல் குவிந்திருந்த கோபம் இப்படி இருபது முப்பது இடத்துக்குப் பிரிந்துபோனதும் எந்த இடத்திலும் நிற்க அதற்குப் பலமில்லை. வருத்தம் போகவில்லை, அது இருக்கட்டும். எரிச்சல் போனது. உங்கள் ஆட்டங்களின் முழுப் பதிவு கிடைத்தால் பாருங்கள். உடனே வேண்டாம், புதன், வியாழன் வாக்கில். அதுவரை வீரர்களின் பக்கத்துக்குப் போய்த் திட்டி எழுத வேண்டாம், அவர்கள் நம்மை விடக் குறைவாகத் தூங்கியிருப்பார்கள்.

அந்த ஆண்டு அக்டோபரில் சர்வதேச கிரிக்கெட் கவுன்சில் (ஐ.சி.சி.) பவுண்டரி எண்ணும் விதியையே எடுத்துவிட்டது. இனி சூப்பர் ஓவர் சமமானால் இன்னொரு சூப்பர் ஓவர். செய்தியைப் படித்ததும் சமையலறைக்கு ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னேன்.

"அப்போ கப்பைத் திருப்பிக் கொடுப்பாங்களாடா?" என்று கேட்டார்.