மேடு ஏறும்போது மட்டும் ஏசி காத்து முகத்துக்கு வராம கண்ணாடிக்குப் போகுதே, ஏன்?

கேட்டவர் வண்டி 90கள்ல வந்த இம்போர்ட் பெட்ரோல் ஜீப் டைப். சமதரையில காத்து முகத்துக்கு வருது, மேட்டுல மிதிச்சா முன்கண்ணாடிப் பக்கம் ஓடிடுது, காலை எடுத்தா திரும்ப வருதுங்கிறார். படிச்சதும் சிரிப்பு வந்துச்சு, இதே கூத்தை ரெண்டு வருஷம் குமுளி மலையில பட்டவன் நான். எனக்கு ஊர் கம்பம். லோயர் கேம்ப் தாண்டி இரைச்சல் பாலம் வர்றதுக்குள்ள காத்து கண்ணாடிக்குப் போயிடும், பின்னாடி இருந்து அத்தை "ஏசிய ஏண்டா அமத்துன"ன்னு சத்தம் போடும்.

கம்பத்துல ஒருத்தர் கேஸ் கம்மின்னு கேஸ் அடிச்சுவிட்டார், காசு போனதுதான் மிச்சம். அவரையும் குத்தம் சொல்ல முடியாது, மாருதி 800 பாத்துப் பழகின கை, அதுல லிவரைத் தள்ளினா கேபிள் இழுத்து, டேஷ்போர்டுக்குள்ள காத்தைத் திருப்பிவிடுற கதவு திறக்கும். இந்த வண்டியில அந்தக் கதவை இழுக்கிறது வாக்யூம், அதாவது இன்ஜின் காத்தை உறிஞ்சுற இழுவை. பெட்ரோல் இன்ஜின் ஐடில்ல இருக்கும்போது மேனிபோல்டுல, அதாவது இன்ஜினுக்குள்ள காத்து போற குழாய்ல, 17 முதல் 21 இன்ச் வரை (பாதரச அளவுல) வாக்யூம் இருக்கும், மேட்டுல முழுசா மிதிச்சா கிட்டத்தட்ட ஜீரோ. அந்த நேரத்துக்குன்னு சேத்து வைக்க ஒரு பிளாஸ்டிக் டேங்க்கும், சேத்தது இன்ஜினுக்கே திரும்பிப் போகாம ஒரு ஒன்வே வால்வும் உண்டு. இதுல எங்கயாவது ஒழுகினா ஸ்பிரிங் கதவைக் கண்ணாடிப் பக்கம் தள்ளிடும். வேணும்னேதான் அப்படி வச்சிருக்காங்க, எது போனாலும் கண்ணாடியில பனி மூடக்கூடாதுல்ல.

கடைசியா குமுளியில ஒரு ஆசான்கிட்ட விட்டேன். மனுசன் ஸ்பேனரையே தொடல. இன்ஜினை நிறுத்தச் சொன்னார், சாவியை ஆன்ல வச்சு பிளோயரை ஓடவிட்டார், காத்தை முகத்துக்கு வச்சுட்டு கைய வென்ட்ல வச்சு நின்னார். டேங்க்கும் வால்வும் நல்லா இருந்தா காத்து அங்கயே நிக்கணும், நாபைத் திருப்பினாலும் ஒண்ணு ரெண்டு தடவை கதவு மாறணும். என் வண்டியில பத்து எண்றதுக்குள்ள கண்ணாடிக்குப் போயிடுச்சு. "எவிடெயோ லீக்குண்டு"ன்னுட்டு பேட்டரிய வெளிய எடுத்தார். தட்டுக்கு அடியில போற டியூப்ல ஒரு ரப்பர் எல்போ, விரல்ல மடக்கினதும் பழைய செருப்பு வார் மாதிரி வாய் பிளந்துச்சு. ஆசிடும் சூடும் சேந்து தின்ன இடம். அவ்ளோதாங்க வியாதி.

உங்களுக்கு அங்க இல்லேன்னா ஒன்வே வால்வைக் கழட்டி சுத்தமான டியூப் மாட்டி ஊதிப் பாருங்க, ஒரு பக்கம் போகணும், மறுபக்கம் போகவே கூடாது. திரும்ப மாட்டும்போது திசை பாத்து மாட்டுங்க, நான் ஒரு தடவை தலைகீழா மாட்டிட்டு பிளாட்லயும் காத்து வராம அரைநாள் முழிச்சேன். ஒரே ஒரு மோட்ல மட்டும் டேஷ்போர்டுக்குள்ள புஸ்ஸுன்னு சத்தம் வந்தா அந்தக் கதவை ராடு வச்சு இழுக்கிற டப்பாவுக்குள்ள இருக்கிற ரப்பர் சவ்வு, டயாஃப்ரம், கிழிஞ்சிருக்கும். மெடிக்கல்ல ஊசி இல்லாத 50 மில்லி சிரிஞ்ச் வாங்கி அந்த டப்பாவுக்குப் போற டியூப்ல சொருகி இழுங்க, ராடு உள்ள போய் அப்படியே நிக்கணும், மெல்ல திரும்பி வந்தா மாத்த வேண்டியதுதான். எல்லா மோட்லயும் பிரச்சனைன்னா எடுத்த எடுப்புல டேஷ்போர்டைப் பிரிக்காதீங்க, கோளாறு பெரும்பாலும் பானட்டுக்குள்ளதான்.

வாக்யூம் கேஜ் வச்சு அளந்து பாக்கிறவங்க ஒண்ணு கவனிங்க, ஆயிரம் அடி ஏறினா ஒரு இன்ச் குறையும். கம்பத்துல 18 காட்டினது குமுளியில பதினாறரைக்கு வந்தா அது லீக் இல்ல, மலை.

டீசல்காரங்களுக்கு மேனிபோல்டு வாக்யூம் கிடையாது, தனி பம்ப்தான், நிறைய வண்டியில ஆல்டர்னேட்டர் பின்னாடியே இருக்கும். பிரேக் பூஸ்டருக்கும் அதுதான் போகுது. காத்து கோளாறோட பிரேக் பெடலும் கல்லு மாதிரி இருந்தா ஏசிய விடுங்க, மலை இறங்காம முதல்ல அதைப் பாருங்க.

அப்புறம் மீன் தொட்டி டியூப் போட்டு ஒப்பேத்தாதீங்க, இன்ஜின் சூட்டுல ரெண்டு நாள்ல நசுங்கி ஒட்டிக்கும். வாக்யூம் ஹோஸ்னே கேட்டு வாங்குங்க, எல்போ ரெண்டு சேத்தே வாங்கி வைங்க, ஒண்ணு போனா பக்கத்துல இருக்கறதும் அதே வயசுதான்.