டிவி நகைச்சுவையில் பங்க் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பங்க் என்கிற முரட்டு ராக் இசை பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்துவிட்டு, ஃபியர் என்ற அமெரிக்க பங்க் குழு 1981-இல் ‘சாட்டர்டே நைட் லைவ்’ என்ற அமெரிக்க டிவி நகைச்சுவை நிகழ்ச்சியில் பாடிய வீடியோவைத் தேடிப் பார்த்தேன். ஊரையே திட்டிப் பாடுகிறவர்கள் இரண்டு நகைச்சுவை நாடகங்களுக்கு நடுவே வந்து குதித்துவிட்டுப் போகிறார்கள். ஏதோ சர்க்கஸ் பார்த்தது போல இருந்தது. பங்க்கைக் கோமாளி ஆக்கியது இந்த டிவிக்காரர்கள்தானே?

கே.

அன்புள்ள கே.,

சர்க்கஸ்தான், மறுக்கவில்லை. ஆனால் அவர்களை அங்கே கூட்டிவந்தது டிவி முதலாளிகள் இல்லை, ஒரு நகைச்சுவை நடிகர். ஜான் பெலுஷி 1979-லேயே அந்த நிகழ்ச்சியை விட்டுப் போய்விட்டவர். ஃபியர் மீது அவருக்குப் பைத்தியம். தான் நடித்த ‘நெய்பர்ஸ்’ படத்தில் அவர்கள் இசையைச் சேர்க்கப் பார்த்தார், தயாரிப்புத் தரப்பு ஒத்துக்கொள்ளவில்லை. அந்தக் குறையைத் தீர்க்கத்தான் பழைய நிகழ்ச்சியில் பேசி, அக்டோபர் 31 ஹாலோவீன் இரவுக்கு இடம் வாங்கிக் கொடுத்தார். மேடைக்கு முன்னால் மோதி ஆட வாஷிங்டனிலிருந்து பையன்களும் வந்தார்கள். மைனர் த்ரெட் என்ற பங்க் குழுவின் இயன் மெக்காய் அதில் ஒருவர். நியூயார்க்கை மட்டம் தட்டி ஒலிவாங்கியில் கத்தியது அவர்தான். கடைசிப் பாட்டு தொடங்கியதுமே ஒளிபரப்பை வெட்டிவிட்டார்கள்.

வீடியோவை இன்னொரு முறை பாருங்கள். பாடகர் லீ விங் நியூயார்க் ஸ்டூடியோவில் நின்றுகொண்டு, பக்கத்து மாநிலமான நியூ ஜெர்சிக்கு வந்ததில் மகிழ்ச்சி என்கிறார். கூட்டம் ஊளையிடுகிறது. அவர் சொன்னது கோபத்தில் இல்லை, சீண்டல். எப்போது சொன்னால் கூட்டம் கொதிக்கும் என்று கணக்குத் தெரிந்த ஆள். பின்னால் சினிமாவில் நடிக்கவும் போனார். டிவி வந்து கோமாளி ஆக்குவதற்கு அங்கே மிச்சம் எதுவும் இல்லை.

அப்புறம், அந்த நிகழ்ச்சி நேரலை. 1977 டிசம்பரில் செக்ஸ் பிஸ்டல்ஸ் என்ற பிரிட்டிஷ் பங்க் குழுவுக்கு விசா கிடைக்காமல், பதிலுக்குப் பிரிட்டிஷ் பாடகர் எல்விஸ் காஸ்டெல்லோ வந்தார். ஒப்புக்கொண்ட பாட்டைச் சில நொடிகளிலேயே நிறுத்திவிட்டு, வானொலிக்காரர்களைச் சாடும் ‘ரேடியோ ரேடியோ’வைப் பாடினார். 1989 வரை திரும்பக் கூப்பிடவில்லை. முன்பே பதிவு செய்து ஒளிபரப்பும் நிகழ்ச்சி என்றால் இதை யாரும் பார்த்திருக்கவே மாட்டோம். 1999-இல் அதே நிகழ்ச்சியின் 25-ஆம் ஆண்டு விழாவில், பீஸ்டி பாய்ஸ் குழு பாடிக்கொண்டிருக்கும்போது காஸ்டெல்லோவே குறுக்கே புகுந்து அதே வேலையைச் செய்தார். இந்த முறை எல்லாம் பேசிவைத்தது. நீங்கள் சொல்லும் குற்றச்சாட்டு இதற்குக் கொஞ்சம் பொருந்தும்.

பிரிட்டனில் டிவி நகைச்சுவைக்குள் பங்க் வந்த காரணம் இன்னும் சப்பையானது. பிபிசியின் ‘தி யங் ஒன்ஸ்’ நகைச்சுவைத் தொடரில் கதைக்குச் சம்பந்தமே இல்லாமல் ஒரு இசைக்குழு வந்து வாசிக்கும். பாட்டு இருந்தால் அது ‘வெரைட்டி’, அதாவது பல்சுவை நிகழ்ச்சிக் கணக்கில் சேரும், கூடுதல் பணம் கிடைக்கும். தி டேம்ன்ட் என்ற பங்க் குழு அதில் வந்தது அந்தப் புண்ணியத்தில்தான்.

எனக்குப் பிடித்தது 2013 ஏப்ரலில் ‘சாட்டர்டே நைட் லைவ்’ நிகழ்ச்சியில் வந்த இயன் ரப்பிஷ் நாடகம். அரச குடும்பம் முதல் எல்லோரையும் திட்டும் ஒரு கற்பனை பங்க் பாடகன், முன்னாள் பிரிட்டிஷ் பிரதமர் மார்கரெட் தாட்சரை மட்டும் உருகி உருகிப் புகழ்கிறான். தாட்சர் இறந்த அதே வாரம் ஒளிபரப்பானது. எழுதி நடித்த ஃப்ரெட் ஆர்மிசன் முன்பு சிகாகோவில் ட்ரெஞ்ச்மவுத் என்ற பங்க் குழுவில் டிரம் வாசித்தவர். செக்ஸ் பிஸ்டல்ஸின் ஸ்டீவ் ஜோன்ஸே அதில் தானாக வந்து பேசுகிறார். வெளியாள் செய்த கேலி என்றால் கிடாரின் ஓசையும் உச்சரிப்பும் இவ்வளவு சரியாக அமைந்திருக்காது. அந்தப் பாட்டு பங்க் பாட்டாகவே நன்றாக இருக்கிறது என்பதுதான் அதில் வேடிக்கை.