கடல் ஊருக்குள் வந்த ஞாயிற்றுக்கிழமை

தேவகோட்டையிலிருந்து சிங்கப்பூர் வந்து மூன்று மாதமே ஆன தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "ஊரில் பெரிய துயரம் நடக்கும்போது இங்கே செய்தி பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைத் தவிர வேறு வழியில்லையா? சோறு இறங்கவில்லை. லீவு போட்டுக் கிளம்பிவிடலாமா? நீங்களெல்லாம் எப்படித் தாங்கினீர்கள்?"

தம்பி, தாங்கினோம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சுனாமி வந்த 2004 டிசம்பர் 26 அன்று நடந்ததைச் சொல்கிறேன்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. பிள்ளையார் நோன்புக்கு இங்கே நம் நகரத்தார்கள் கூடி இழை, அதாவது மாவில் வைத்து ஏற்றிய நூல் திரி, எடுத்துக்கொண்டு பத்து நாள் போல ஆகியிருந்தது. காலையில் சுமத்ரா பக்கம் பெரிய நிலநடுக்கம் என்ற செய்தி வந்தபோது நான் அதைக் காதில் வாங்கிக்கொள்ளவே இல்லை. பகல் சாப்பாட்டு நேரத்துக்குப் பிறகு ஒவ்வொன்றாக ஊர்ப் பெயர்கள் வரத் தொடங்கின. மெரினா, கடலூர், வேளாங்கண்ணி, நாகப்பட்டினம். பிறகு பூம்புகார். அந்தப் பெயரைக் கேட்டதும் கை நடுங்கியது.

கோட்டையூரில் எங்கள் வீட்டு முகப்பு தெருவிலிருந்து ஏழு படி உயரம். ஏன் இவ்வளவு உயரம் என்று சிறுவயதில் கேட்டால், காவிரிப்பூம்பட்டினத்தை, அதாவது அந்தப் பூம்புகாரை, கடல் கொண்ட பிறகு பாண்டிநாட்டுக்கு வந்தவர்கள் நாம், தண்ணீர் இனி வாசலேறக் கூடாது என்றுதான் உயர்த்திக் கட்டினார்கள் என்பார் அப்பத்தா. செட்டிநாட்டுப் பிள்ளைகள் எல்லோரும் கேட்டு வளர்ந்த கதை அது, உங்களுக்கும் சொல்லியிருப்பார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை வரை எனக்கு அது கதையாக மட்டுமே இருந்தது.

எங்கள் ஊருக்கும் கடலுக்கும் நடுவே 40 கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது. அது தெரிந்தும் ஓடிப்போய் வீட்டுக்குப் போன் செய்தேன். உடனே கிடைத்துவிட்டது. "நாங்கள் நன்றாக இருக்கிறோம், நீ சாப்பிட்டாயா?" என்றார் ஆத்தா. மனம் லேசான அந்த நிமிடத்தை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

சாயங்காலம் இங்கே லிட்டில் இந்தியாவில் உள்ள தேக்காவுக்குப் போனேன். ஞாயிற்றுக்கிழமை என்பதால் சிராங்கூன் சாலை முழுக்க நம் தொழிலாளர்கள். வழக்கமான இரைச்சல் இல்லை. தொலைபேசி அட்டை விற்கும் கடைகளில் மட்டும் தெருவரை வரிசை. என் முன்னால் நின்றவர் நாகப்பட்டினத்தை ஒட்டிய அக்கரைப்பேட்டைக்காரர், இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும். அட்டையின் வெள்ளிப் பூச்சைக் காசால் சுரண்டுகிறார், சுரண்டிக்கொண்டே இருக்கிறார். பூச்சோடு சேர்ந்து அடியில் இருந்த எண்களும் போய்விட்டன. அதைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். என்னிடமிருந்த அட்டையைச் சுரண்டி, நானே எண்களை அழுத்திக் கொடுத்தேன். இணைப்புக் கிடைக்கவில்லை. நூறு முறையாவது அழுத்தியிருப்போம். இரவு 11 மணிக்குமேல் திருவாரூரில் இருந்த அவருடைய மாமா கிடைத்தார். அப்பாவும் அம்மாவும் பிழைத்திருந்தார்கள். அக்காள் மகள் இல்லை. நான்கு வயது. அவர் அழவில்லை. அட்டையில் இன்னும் எத்தனை நிமிடம் மிச்சம் இருக்கிறது என்று என்னிடம் கேட்டார்.

தமிழ்நாட்டில் ஏறக்குறைய 8,000 பேர் இறந்தார்கள், நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் என்பதெல்லாம் பின்னால் தெரிந்த கணக்கு. எனக்குத் தெரிந்தது அந்த ஒரு குழந்தை.

அடுத்து நான் செய்த தவறையும் கேளுங்கள். அந்த வாரமே வீடு வீடாகப் போய்ப் பழைய துணி சேர்த்தோம், மூட்டை மூட்டையாக. தை மாதம் ஊருக்குப் போனபோது நாகப்பட்டினம் வரை போய்ப் பார்த்தேன். எங்கெங்கிருந்தோ வந்த பழைய துணிகள் சாலையோரம் குவிந்து, மழையிலும் மண்ணிலும் கிடந்தன. வலையையும் படகையும் இழந்து நிற்கிறவருக்கு யாரோ உடுத்திக் கழித்த சட்டை எதற்கு? அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள். நாங்கள் கேட்கவில்லை.

ஆகவே லீவு பற்றி: உங்கள் வீட்டில் இழப்பு என்றால் யோசிக்காமல் கிளம்புங்கள், மேலாளரிடம் பிறகு பேசிக்கொள்ளலாம். இல்லையென்றால் முதல் வாரம் போகாதீர்கள். டிக்கெட் பணத்தை அங்கே களத்தில் நிற்பவர்களுக்கு அனுப்புங்கள். வீட்டுக்கு ஒரே முறை, சுருக்கமாகப் பேசுங்கள். வேறொருவருக்கு அந்த இணைப்பு தேவைப்படும். இன்றைக்கே செய்ய ஒரு வேலை உண்டு. வீட்டு எண்ணைத் தவிர வெளியூரில் இருக்கும் உறவினர் இரண்டு பேருடைய எண்களையும் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அன்று எங்களைக் காப்பாற்றியது திருவாரூர் எண்தான்.

சோறு இறங்காததற்கு என்னிடம் மருந்து இல்லை. அப்பத்தா செய்ததைச் சொல்கிறேன். 1942-இல் ஜப்பான்காரன் பர்மாவுக்குள் வந்தபோது ஐயா, என் தாத்தா, ரங்கூனில் இருந்தார். கால்நடையாகக் கிளம்பியவர் வீடு வந்து சேரும்வரை ஐந்து மாதம் கடிதாசி இல்லை, தந்தி இல்லை. பக்கத்து வீட்டு ஆச்சியின் கணவரும் பர்மாவில்தான். விளக்கு வைத்த பிறகு அப்பத்தா அந்த வீட்டுக்குப் போய் வளவில், உள்முற்றத்தை ஒட்டி, உட்காருவாராம். இருவரும் பனையோலையைக் கிழித்துக் கொட்டான் என்னும் சிறு கூடை பின்னுவார்களாம். வாயே திறப்பதில்லையாம். ஐயா வந்து சேர்ந்தார். பக்கத்து வீட்டுக்காரர் வரவில்லை. அதன்பிறகும் அப்பத்தா அங்கே போவதை நிறுத்தவில்லை. அந்தக் கொட்டான்களில் ஒன்றில்தான் ஆத்தா இன்னும் வெற்றிலை வைத்திருக்கிறார்.

உங்கள் விடுதியில், துயரம் நடந்த ஊர்ப்பக்கத்துக்காரர் யாராவது இருக்கிறாரா என்று முதலில் பாருங்கள். இருந்தால் இன்று இரவு அவரோடு சாப்பிட உட்காருங்கள். நான் ஞாயிற்றுக்கிழமை மாலை டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயிலில் இருப்பேன். அவரையும் அழைத்துக்கொண்டு வாருங்கள்.