முகம் காணும் செயலியா, சிறுபோகக் கணக்கா?

கேள்வி: வவுனியாவில் கணினி விஞ்ஞானம் இரண்டாம் வருடம் படிக்கிறேன். ஐந்து பேர் சேர்ந்து ஒரு செமஸ்டருக்குள் ஒரு மென்பொருள் செய்ய வேண்டும். ஒருவர் முகத்தைப் பார்த்து வரவு பதியும் செயலி என்கிறார், இன்னொருவர் சாப்பாட்டு டெலிவரி ஆப் என்கிறார். எனக்கோ, அப்பா செயலாளராக இருக்கும் கமக்காரர் அமைப்பின் சிறுபோகக் கணக்கை, அதாவது கோடைப் பயிர்ச்செய்கையில் யாருக்கு எவ்வளவு பங்கு என்பதை, கணினியில் ஏற்ற ஆசை. 'அது சின்ன விஷயம்' என்று சிரிக்கிறார்கள். பெண்கள் இருவரும் அறிக்கை எழுதினால் போதுமாம். என்ன செய்யலாம்?
– வாசகி, கிளிநொச்சி

பதில்: தங்கச்சி, அது சின்ன விஷயமே இல்லை. இரணைமடுக் குளத்தில் இருக்கும் தண்ணீரைப் பார்த்துத்தான் சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் என்று முடிவாகிறது. மழைக்காலத்துக் காலபோகத்தில் காணி முழுக்க விதைத்தவருக்கும் சிறுபோகத்தில் அதில் ஒரு பங்குதான். காணிக்காரர் ஒருவர், குத்தகைக்குச் செய்பவர் இன்னொருவர். அடுத்த போகத்தில் அதுவும் மாறலாம். காணி அட்டவணையிலேயே செய்பவரின் பெயரையும் போட்டுவிட்டால், ஆள் மாறியதும் பழைய கணக்கு அழிந்துபோகும். காணி, ஆள், போகம் மூன்றையும் தனித்தனியே வைத்து, எந்தப் போகத்தில் எந்தக் காணியை யார் செய்தார் என்பதை நாலாவது அட்டவணையில் பதிய வேண்டும். தரவுத்தளப் பாடத்தில் கற்றது உங்களுக்கு உண்மையில் விளங்கியதா என்று இங்கேதான் தெரியும்.

அடையாள அட்டை இலக்கத்தையே பாருங்கள். பழைய அட்டையில் ஒன்பது இலக்கமும் ஓர் எழுத்தும், 2016 முதல் வந்ததில் 12 இலக்கம். அதை எண்ணாகச் சேமித்தால் பழைய அட்டைக்காரர் எல்லாரும் வெளியே நிற்பார்கள். அமைப்பிடம் பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சான பட்டியல் இருந்தால் முதலில் யூனிகோடுக்கு மாற்ற வேண்டும். அப்புறம் ஒன்று: வகுப்பில் காட்டும்போது கமக்காரரின் உண்மைப் பெயரும் இலக்கமும் திரையில் வரக்கூடாது.

டெலிவரி ஆப்புக்குக் கடைக்காரர், வாடிக்கையாளர், கொண்டுபோகிறவர் என்று மூன்று பக்கம் வேண்டும். ஒரு செமஸ்டரில் மூன்றும் அரைகுறையாகவே நிற்கும். முகம் காணும் வேலையை ஆயத்த நிரல் நூலகம் ஒன்று செய்துவிடும். நேர்முகத்தில் உங்கள் பங்கு என்ன என்று கேட்டால் சொல்வதற்கு அதிகம் இராது. நண்பர்களோடு வாதாட வேண்டாம். வாரம் அரை மணிநேரம் உட்கார்ந்து குறை சொல்லத் தயாராக உள்ள ஒருவரை ஆளுக்கொருவர் கூட்டி வரச் சொல்லுங்கள். அப்படி ஓர் ஆள் கிடைக்காத யோசனையை விட்டுவிடலாம். உங்களுக்கு அப்பா இருக்கிறார்.

அறிக்கை விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். நிரல் எழுதப் பழகத்தான் இந்தப் பாடமே. திரை ஒருவருக்கு, தரவுத்தளம் ஒருவருக்கு, அறிக்கை பெண்களுக்கு என்று பிரிக்காமல் வேலையை நெடுக்காகப் பிரியுங்கள்: காணிப் பதிவு முழுவதும் ஒருவர், பங்கு கணக்கிடுவது முழுவதும் ஒருவர் என்று. அறிக்கையில் அவரவர் பகுதியை அவரவரே எழுதட்டும். முதல் நாளே கிட் (Git, நிரலில் யார் எதை மாற்றினார் என்று பதிந்து வைக்கும் கருவி) தொடங்கி, ஒவ்வொருவரும் தன் கணக்கிலிருந்தே பதியட்டும். யார் என்ன செய்தார் என்பது அதிலேயே இருக்கும்.

எஸ்எம்எஸ் அனுப்புவது, வரைபடத்தில் வாய்க்கால் காட்டுவது எதையும் இப்போது தொடவேண்டாம். மூன்றாம் வாரம் ஒரே ஒரு போகத்தின் பங்குப் பட்டியல் அச்சாகி அப்பாவின் கைக்குப் போகட்டும். அவர் பிழை என்று கோடு போடும் இடங்கள்தான் உங்கள் நாலாம் வார வேலை.