பிய்த்தாலும் முளைக்கும் ஜீனியா

கேள்வி: 200 லிட்டர் உப்புநீர்த் தொட்டி வைத்திருக்கிறேன். ஒன்றரை வருடம் முன்பு ஆசையாக வாங்கிய பல்சிங் ஜீனியா (கை போன்ற இழைகளை மூடித் திறந்து துடிக்கும் மென்பவளம்) இன்று இரண்டு பாறைகளையும் பின்பக்கக் கண்ணாடியையும் மூடிவிட்டது. அடுத்து ஹேமர் கோரல் என்ற என் இன்னொரு பவளத்தைத் தொடப்போகிறது. பிய்த்துப் போட்டாலும் மறுபடி முளைக்கிறது. நாய்க்குக் கொடுக்கும் பூச்சி மருந்தைக் கலந்தால் ஒரே நாளில் செத்துவிடும் என்கிறார் நண்பர். செய்யலாமா?

பதில்: வேண்டாம். நண்பர் சொல்வது ஃபென்பெண்டசோல் மருந்தை. ஜீனியாவை அது கொல்லும், பொய்யில்லை. ஆனால் அதோடு நத்தைகளையும், பாறைக்குள் கழிவைத் தின்று வாழும் புழுக்களையும் சேர்த்தே கொல்லும். பாறையில் ஊறிய மருந்து லேசில் போகாது. மாதங்கள் கழித்து நீங்கள் புதிதாக விடும் நத்தையும் சாகலாம். அத்தனை ஜீனியாவும் ஒரே நாளில் அழுகினால் 200 லிட்டர் தண்ணீரில் அம்மோனியா ஏறி மீன்களுக்கே ஆபத்து.

'பிய்த்தாலும் முளைக்கிறது' என்கிறீர்களே, சிக்கல் அங்கேதான். ஜீனியாவுக்கு வேர் கிடையாது. தண்டின் அடி மெல்லிய தோல் போலப் பாறையில் ஒட்டியிருக்கும். அதில் ஒரு துணுக்கு மிஞ்சினாலும் அது புதுச் செடி போல வளர்ந்துவிடும். கை பட்டதும் சுருங்கிவிடுவதால், எது அடி, எது தண்டு என்று தெரியாமல் நடுவில் கிள்ளிவிடுகிறோம். பக்கத்துப் பாறைக்குப் போவதும் அது தானாகச் செய்யும் வேலை: ஒரு கிளையை நீட்டி, நுனியை அங்கே ஒட்டவைத்து, நடுவில் அறுத்துக்கொள்ளும்.

மீனுக்குத் தீனி குறைத்தால் இது பட்டினி கிடந்து சாகும் என்று நம்ப வேண்டாம். ஜீனியா பெரும்பாலும் உடலுக்குள் இருக்கும் பாசியின் ஒளிச்சேர்க்கையில் வாழ்கிறது. அது கையை மூடித் திறப்பதும் அதற்காகத்தான். செங்கடலில் இதன் நெருங்கிய உறவினத்தை ஆராய்ந்த இஸ்ரேல் ஆய்வாளர்கள், இந்தத் துடிப்பு திசுவில் சேரும் ஆக்சிஜனை வெளியே தள்ளி ஒளிச்சேர்க்கையைப் பல மடங்கு கூட்டுகிறது என்று 2013-ல் காட்டினார்கள். நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் குறைந்தால் வளர்ச்சி மெதுவாகும், அவ்வளவுதான். ஜீனியாவை மட்டும் தின்று மற்றதைத் தொடாத மீனை நான் பார்த்ததில்லை.

ஆகவே கைவேலைதான். ஒரு வாரத்துக்கு ஒரு பாறை. பம்புகளை நிறுத்துங்கள். பாறையை வெளியே எடுக்க முடிந்தால் தொட்டித் தண்ணீர் நிரப்பிய வாளியில் வையுங்கள். தொட்டிக்குள் வைத்துச் சுரண்டினால் பறக்கும் துணுக்கெல்லாம் போய் ஒட்டிக்கொள்ளும். இடுக்கியால் தண்டின் அடியைப் பிடித்துக்கொண்டு, கத்தி முனையை அதைச் சுற்றி ஒரு சென்டிமீட்டர் தள்ளி வைத்து, பாறையின் மேல்தோலோடு சேர்த்துச் சுரண்டுங்கள். விரலால் தடவினால் வழவழப்பு இருக்கக்கூடாது. சொரசொரப்பாகப் பாறை தெரிய வேண்டும். பிறகு பழைய பல் துலக்கியால் தேய்த்து, வேறு வாளியில் அலசிவிட்டுத் திரும்ப வையுங்கள். எடுக்க முடியாத பெரிய பாறையென்றால் சைஃபன் குழாயின் வாயைக் கத்திக்குப் பக்கத்திலேயே பிடித்திருங்கள். கண்ணாடியில் இருப்பது சுலபம், பிளேடால் ஒரே வீச்சில் வந்துவிடும். அன்று 10 முதல் 15 சதவீதம் தண்ணீர் மாற்றி, ஆக்டிவேட்டட் கார்பன் போடுங்கள்.

இடுக்கில் மிஞ்சிய புள்ளிகளுக்கு கால்சியம் ஹைட்ராக்சைடு, அதாவது சுத்தமான சுண்ணாம்பு, நல்ல மருந்து. மீன் தொட்டிக்கென்று விற்கும் பொடியைக் கெட்டியாகக் குழைத்து, ஊசியில்லாத சிரிஞ்சால் புள்ளியின் மேல் அப்புங்கள். பம்பு பதினைந்து நிமிடம் ஓடக்கூடாது. ஒரு நாளில் ஓரிரு மில்லிலிட்டர் போதும். கூடினால் பிஎச் எகிறும், அளந்து பாருங்கள். கையுறையும் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் கட்டாயம். வெற்றிலைச் சுண்ணாம்பு வேண்டாம், அதில் வேறென்ன கலந்திருக்கிறது என்று சொல்ல முடியாது.

மிக மோசமான ஒரு பாறையை வெளியே எடுத்து வாரக்கணக்கில் வெயிலில் காயவைக்கலாம். ஆனால் பாறையைக் கொதிக்கவைக்காதீர்கள். இதை நான் கெஞ்சியே கேட்கிறேன். அதில் பவளத்தின் உறவான ஜோவாந்திட் என்ற உயிரி ஒட்டியிருந்தால் பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு ஆவியில் கலக்கலாம். அந்த ஆவியைச் சுவாசித்துக் குடும்பத்தோடு மருத்துவமனைக்குப் போனவர்கள் உண்டு.

ஹேமர் கோரல் இருக்கும் பாறையை மற்றவற்றைத் தொடாமல் மணல்மேல் தனித் தீவாக வையுங்கள். மிதந்து வரும் துணுக்கை இது தடுக்காது, ஆனால் நீட்டி ஒட்டும் வழி அடைபடும். வாரம் ஒருமுறை டார்ச் அடித்துப் பாருங்கள். அரிசி அளவில் பிடித்துவிட்டால் ஒரு நிமிட வேலை. முழுவதும் அடங்க மூன்று நான்கு மாதம் ஆகலாம்.

எடுத்ததைக் கடலிலோ கழிமுகத்திலோ கொட்டவே கூடாது. ஜீனியா குடும்பத்தைச் சேர்ந்த, இந்தோ-பசிபிக் கடலின் மென்பவளமான யூனோமியா, மீன்தொட்டி வணிகம் வழியாகப் போய்ச் சேர்ந்ததாகக் கருதப்பட்டு, வெனிசுவேலாவின் மொச்சிமா தேசியப் பூங்காவில் பவளப்பாறைகளைப் போர்வை போல மூடியது. 2020-ல் ஹவாயின் பேர்ல் ஹார்பரிலும் கண்டார்கள். நம் மன்னார் வளைகுடாவில் வளர்ப்புக்காகக் கொண்டுவந்த கப்பாஃபைகஸ் பாசி குருசடைத் தீவின் பவளத்தின் மேல் ஏறியதும் அதே மாதிரிக் கதைதான். துண்டுகளைக் குழாய்த் தண்ணீரில் ஒரு நாள் ஊறப்போட்டு, வெயிலில் காயவைத்துக் குப்பையில் போடுங்கள். சுரண்டிய வாளித் தண்ணீரில் பிளீச்சிங் பவுடர் கலந்து ஒரு நாள் வைத்த பிறகே சாக்கடையில் ஊற்றுங்கள்.